கான்வென்ட் வாசலில் ஒரு குடும்பம்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் தமிழருக்கு எதற்கும் பஞ்சமில்லை. முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, காபிப் பொடி, மல்லிகைச் சரம், எல்லாம் கிடைக்கும். கூடவே அடுத்த வீட்டு விவகாரத்தில் அக்கறையும். 2025 மே மாதத்தின் பிற்பாதியில் அந்த வங்கி அதிகாரி சாயங்காலம் காய் வாங்கக் கிளம்பினால், பையில் கத்தரிக்காய் விழும் முன்பே கேள்வி விழுந்துவிடும்: "பொண்ணுக்கு ரிசல்ட் வந்துடுத்தே, என்ன குரூப்?"

"இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. முடிவாகவில்லை என்பது உண்மையும் இல்லை. பெண் முடிவு செய்துவிட்டாள். வீட்டில் மற்ற மூவரும்தான் செய்யவில்லை.

பத்தாம் வகுப்பில் அவள் வாங்கியது 94 சதவீதம். வாங்கியது 70 என்றால் ஆர்ட்ஸ் எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது. 'பாவம், சயின்ஸ் கிடைக்கவில்லை' என்று லேக் மார்க்கெட் முழுவதும் ஆறுதல் சொல்லியிருக்கும். 94 வாங்கிவிட்டு சரித்திரம், அரசியல், உளவியல், ஆங்கில இலக்கியம் என்று கேட்பது குடும்பத்துக்கு எதிரான சதி போலத் தோன்றியது. அதுவும் இப்போது படிக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் அல்ல. மத்திய கொல்கத்தாவில், நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையதான ஒரு கத்தோலிக்கக் கன்னியர் பள்ளியில். அங்கே படிக்கும் ஒரு தோழி ஒரு நாள் தன் பள்ளியின் விவாதப் போட்டிக்கு அவளை அழைத்துப் போனாள். மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று பதினேழு வயதுப் பெண்கள் இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். திரும்பி வரும்போதே மனம் அங்கே தங்கிவிட்டது.

சென்னையிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "ஏண்டா, நல்லாப் படிக்கிற பெண்ணை வீணாக்குறே?" அவருடைய மகன் பொறியியல் முடித்து, ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஆறு மாதமாக எந்த வேலையும் கொடுக்கப்படாமல் 'பெஞ்சில்' உட்கார்ந்திருக்கிறான். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

வீட்டில் நான்கு பேர். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று பெண் போட்டு வைத்திருந்த கணக்கு முதல் நாளே தப்பாகிப் போனது. பாட்டிதான் சிலுவையைப் பார்த்துப் பயப்படுவாள் என்று நினைத்தாள். விளக்கேற்றாமல் காபி குடிக்காத பாட்டி. ஆனால் பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "அங்கே காலையில் பிரார்த்தனை உண்டோ?" உண்டு என்றாள் பேத்தி. "அப்போ சரி. இப்போ போறியே, அங்கே 'குட் மார்னிங்' சொல்லிட்டு நேரா கணக்குக்குப் போயிடறா. எதையும் கும்பிடாத இடத்துக்கு அது தேவலை."

பாட்டிக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. மறைந்த தாத்தா படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். 1844இல் நாகப்பட்டினத்தில் சேசு சபைக் குருமார்கள் தொடங்கி, 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி அது. பிற்பாடு குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் அங்கேதான் படித்தார். லூர்து மாதா கோயில் மணியோசையில் நாலு வருஷம் படித்துவிட்டு, நெற்றியில் விபூதி குறையாமல் தாத்தா வீட்டுக்கு வந்தார். ஒரு பாதிரியார் கொடுத்த ஆங்கில அகராதி, கல்லூரி முத்திரையுடன், இன்னும் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 'படிக்கப் போனவன் மதம் மாறிவிட்டான்' என்ற கதைகளையும் பாட்டி சின்ன வயசில் கேட்டிருக்கிறாள். கதைகளைக் கேட்டாள், அகராதியைப் பார்த்தாள். அகராதிதான் கையில் இருக்கிறது.

மதத்தைப் பற்றி உண்மையில் கவலைப்பட்டவர் அப்பாதான், ஆனால் வேறு விதமாக. மகள் மாறிவிடுவாள் என்றல்ல. அந்தப் பள்ளிகளைச் சுற்றி இப்போது காற்று சரியில்லை என்று. 2024 பிப்ரவரியில் அசாமில் ஓர் அமைப்பு, கிறிஸ்தவப் பள்ளிகளிலிருந்து சிலுவை, சிலைகள், அங்கி எல்லாம் அகற்றப்பட வேண்டும் என்று கெடு வைத்தது. அதே ஏப்ரலில் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழிகாட்டி நெறிகளை அனுப்பியது: பிற மத மாணவர்கள் மீது கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்கக் கூடாது, காலை வழிபாட்டில் அரசியல் சாசனத்தின் முகவுரையை வாசிக்க வேண்டும், எல்லா மதத்தாருக்கும் பொதுவான பிரார்த்தனை அறை வைக்கலாம் என்று. அப்பா இதைப் படித்துவிட்டு, பயந்திருக்கிறார்களா அல்லது நியாயமாகத்தான் சொல்கிறார்களா என்று யோசித்தார். இரண்டும் இருக்கலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை விஷயம் புதிதல்ல. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்கள் நடத்த அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. 28ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும் ஒரு மாணவரை, சிறு வயதினராக இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நடைமுறையில் நம் கான்வென்ட்டுகள் இதற்கு வெகு காலம் முன்பே ஒரு வழி கண்டுவிட்டன. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். அதே நேரத்தில் மற்றவர்களுக்கு 'மாரல் சயின்ஸ்'. அந்த வகுப்பில் தூங்கியவர்கள் இந்தியாவின் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள்.

கொல்கத்தாவில் இதற்கு உதாரணம் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1977 முதல் 2000 வரை மேற்கு வங்கத்தை ஆண்ட கம்யூனிஸ்ட் முதல்வர் ஜோதி பாசு லொரேட்டோவிலும் செயின்ட் சேவியரிலும் படித்தவர். 1860இல் பெல்ஜியத்து சேசு சபையினர் ஆரம்பித்த செயின்ட் சேவியரில் தாகூரும் சில காலம் படித்தார். பள்ளிக்கூடமே ஒத்துவராமல் விலகிவிட்டார். என்றாலும் அங்கே தன்னை அன்பாக விசாரித்த ஒரு ஸ்பானியப் பாதிரியாரைத் தன் நினைவுக் குறிப்புகளில் மறக்காமல் எழுதினார்.

ஆகவே மதம் தள்ளி வைக்கப்பட்டது. மிச்சம் இருந்தது எதிர்காலம். அதாவது பணம்.

அப்பா வங்கிக்காரர். கணினியில் ஒரு அட்டவணை போட்டார். ஒரு பக்கம் சயின்ஸ், மறு பக்கம் ஆர்ட்ஸ். பணி ஓய்வுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள். பொறியியல் என்றால் கோச்சிங் செலவு, பிறகு கல்லூரிச் செலவு, பிறகு சம்பளம். ஆர்ட்ஸ் என்றால் கான்வென்ட் கட்டணம், பிறகு... அந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டம், பத்திரிகை, ஆசிரியப் பணி, ஐ.ஏ.எஸ். தேர்வு, உளவியல் ஆலோசகர் என்று மகள் சொல்லச் சொல்ல எழுதினார். "இதில் எது?" என்று கேட்டார். "தெரியாதுப்பா. பதினாறு வயசிலேயே தெரிய வேண்டுமா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் அட்டவணைக்கு நியாயம் புரியாது.

இன்னொரு சிக்கலை அவரே கண்டுபிடித்தார். அந்தப் பள்ளி ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்தைச் சேர்ந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் உட்பட மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைச் சேர்க்கைக்கு 2022இல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதற்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே எல்லாம். பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவே 98, 99 என்று கட்-ஆஃப் ஏறிக்கொண்டே போனது. இப்போது நுழைவுத் தேர்வின் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஒட்டி வருகின்றன. சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் வகுப்பில் படிப்பதே தேர்வுக்கும் ஆகும். ஐ.எஸ்.சி. பிள்ளைகள் தங்கள் பாடத்தையும் படித்து, அந்தப் புத்தகங்களையும் தனியே படிக்க வேண்டும். இருக்கும் பள்ளியிலேயே ஆர்ட்ஸ் எடுத்தால் இந்த இரட்டைச் சுமை இல்லை. இதை அப்பா சொன்னபோது மகளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முதல் தடவையாக அவள் தயங்கியதைப் பார்த்து அவருக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

பழைய பள்ளியிலும் விசாரித்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் ஆர்ட்ஸ் பிரிவுக்குப் போன வருஷம் பதினான்கு பேர். சயின்ஸுக்கு நான்கு பிரிவுகள். சரித்திரத்துக்கும் அரசியலுக்கும் ஒரே ஆசிரியை. "இங்கே ஆர்ட்ஸ் என்பது பார்க்கிங் மாதிரி" என்றாள் பெண். எங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து நிற்குமிடம் என்று பொருள். கொஞ்சம் திமிரான பேச்சு. ஆனால் தவறு என்று சொல்லிவிட முடியாது. பாடப் பிரிவுகளுக்கு நடுவே சுவர்கள் கூடாது என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்லிவிட்டது. சுவருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இத்தனையிலும் அம்மா ஒன்றும் பேசவில்லை. 'ஆர்ட்ஸ் படித்தால் என்ன வேலை?' என்ற கேள்வி அந்தக் கூடத்தில் இருபது முறையாவது சுற்றி வந்திருக்கும். கூடத்தின் மூலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் சரித்திரத்தில் பட்டம் வாங்கியவர் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பெண்கள் கல்லூரி ஒன்றில் மூன்று வருஷம் படித்து, முதல் வகுப்பு. கல்யாணமாகி, கணவரின் மாற்றல்களோடு நாக்பூர், ராய்ப்பூர், கொல்கத்தா என்று ஊர் ஊராகப் பாத்திரங்களைக் கட்டிப் பிரித்தவர்.

அம்மா தன் பக்கம் என்று பெண் நினைத்திருந்தாள். ஒரு நாள் இரவு நேராகவே கேட்டாள். "வேண்டாம்" என்றார் அம்மா.

"நீயே ஹிஸ்டரிதானே அம்மா?"

"அதனால்தான் சொல்கிறேன். மூன்று வருஷமும் நோட்ஸ். மேடம் சொல்வார், நாங்கள் எழுதுவோம். முகம்மது பின் துக்ளக் தலைநகரத்தை மாற்றியதற்கு ஆறு காரணங்கள். ஐந்து எழுதினால் ஒரு மார்க் போச்சு. ஆறாவது காரணம் என்ன என்று இப்போது கேட்டால் தெரியாது. ஒரு புத்தகம் முழுசாகப் படித்ததில்லை. யாரும் 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்டதில்லை. சரித்திரம் எனக்குச் சோறு போடவில்லை என்று நான் குறைப்படவில்லை. அது எனக்கு எதையுமே கொடுக்கவில்லை. கணக்காவது படித்திருந்தால் உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்."

வீட்டில் அதற்கு முன் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. வெளியே கால்பைசாகி புயல் காற்றில் எங்கோ தகரம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. பெண் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

அம்மாவின் கேள்வி வேறு எல்லாக் கேள்விகளையும் விடக் கடினமானது. நல்ல பள்ளியா, எந்த மதம், என்ன சம்பளம் என்பதற்கெல்லாம் ஏதாவது பதில் உண்டு. அங்கே உண்மையிலேயே படிப்பு நடக்கிறதா என்பதற்கு விளம்பரப் புத்தகத்தில் பதில் இருக்காது.

கத்தோலிக்கப் பள்ளிகள் 'முழு மனிதனை' உருவாக்குவதாகச் சொல்லிக்கொள்வது இன்று நேற்றல்ல. சேசு சபையார் தங்கள் முதல் பொதுப் பள்ளியை 1548இல் சிசிலியின் மெசினா நகரில் திறந்தார்கள். 1599இல் ஒரு பாடத்திட்டத்தை வகுத்து உலகெங்கும் அனுப்பினார்கள்: முதலில் இலக்கணம், பிறகு இலக்கியம், பிறகு சொல்லாட்சி, அதன் மேல் தத்துவம். பேசத் தெரிந்தவன், எழுதத் தெரிந்தவன், வாதிடத் தெரிந்தவன் எந்த வேலையையும் கற்றுக்கொள்வான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பள்ளிகளில் ஆரம்பத்தில் கட்டணம் கிடையாது. அந்த ஒரு அம்சம் மட்டும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

பெண்களுக்கு அதே படிப்பைக் கொடுக்க நினைத்தவர் மேரி வார்ட் என்ற ஆங்கிலேயக் கன்னிகை. மடத்துச் சுவருக்குள் அடைந்து கிடக்காமல், வெளியே வந்து பெண்களுக்குப் பள்ளி நடத்தும் சபை ஒன்றை நிறுவினார். 1631இல் போப்பாண்டவர் எட்டாம் அர்பன் அந்தச் சபையைக் கலைத்தார். மேரி வார்டை திருச்சபையே மியூனிக்கில் ஒரு மடத்தில் சிறை வைத்தது. அவருடைய வழியில் வந்தவர்கள்தான் லொரேட்டோ கன்னியர். 1841 கடைசியில் அயர்லாந்திலிருந்து கல்கத்தா வந்து, மறு ஆண்டு மிடில்டன் ரோவில் பள்ளியைத் தொடங்கினார்கள். அன்னை தெரசா அந்தச் சபையில்தான் முதலில் கன்னியாகி, என்டாலியில் ஆசிரியையாக இருந்து, 1948இல் தெருவுக்கு இறங்கினார். அதே சபையின் சிஸ்டர் சிரில், 1979இல் சியால்தா பள்ளியின் தலைமையாசிரியை ஆனதும், கட்டணம் கட்ட முடியாத குழந்தைகளைப் பாதிக்குப் பாதி சேர்த்தார். ரயில் நிலையத்துக் குழந்தைகளுக்கு மொட்டை மாடியில் வகுப்பு. பாடம் எடுத்தவர்கள் பள்ளியின் வழக்கமான மாணவிகள். 2007இல் பத்மஸ்ரீ பெற்று, 2023இல் மறைந்தார்.

இதையெல்லாம் பெண் தேடிப் படித்து அம்மாவிடம் சொன்னாள். மேரி வார்டின் சிறைவாசத்தை அம்மா கவனமாகக் கேட்டார். "அது லொரேட்டோ. நீ கேட்பது வேறு சபையின் பள்ளி" என்றார். பிறகு, "போய்ப் பார்க்கலாம். நானும் வருகிறேன்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காளிகாட்டில் மெட்ரோ ஏறிப் போனார்கள். வாசலில் மாதா சிலை, உள்ளே வேப்ப மரம், துடைத்து வைத்தாற்போன்ற நடைவழி. தலைமையாசிரியை சிஸ்டர் கேரளத்துக்காரர். இவர்கள் தமிழ் என்று தெரிந்ததும் இரண்டு வாக்கியம் தமிழில் பேசினார். பெண்ணிடம் பத்து நிமிஷம் கேள்வி கேட்டார். "கணிதத்தில் 96 வாங்கியிருக்கிறாயே, அதை ஏன் விடுகிறாய்? சரித்திரத்தோடு கணிதமும் எடுக்கலாமே" என்றார். அப்பாவின் முகத்தில் அன்று முதல் வெளிச்சம். ஆர்ட்ஸோடு கணிதம் என்ற சேர்க்கை இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

க்யூட் பற்றி அவர் கேட்டார். சிஸ்டர் மழுப்பவில்லை. "கஷ்டம்தான். எங்கள் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் இரண்டையும் படிக்கிறார்கள். சிலருக்கு முடிகிறது, சிலருக்கு முடிவதில்லை" என்றார்.

அம்மா அதுவரை பேசவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, யோசித்து யோசித்து ஆங்கிலத்தில் கேட்டார்: வகுப்பில் நோட்ஸ் சொல்லி எழுதவைப்பீர்களா?

சிஸ்டர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "சில ஆசிரியர்கள் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். பெற்றோர்களே வந்து நோட்ஸ் கேட்கிறார்கள். எங்கள் பெண்களில் நிறையப் பேர் மாலையில் ட்யூஷன் போகிறார்கள், சரித்திரத்துக்குக் கூட. இருபது வருஷம் பாடம் எடுத்த சரித்திர ஆசிரியை மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் ஜூனில் வருகிறார். அவர் எப்படி என்று எனக்கே இன்னும் தெரியாது."

விற்க வந்தவர் பேசும் பேச்சல்ல இது. அப்பாவுக்கு இது கலக்கத்தைக் கொடுத்தது. அம்மாவுக்கு எதிர்மாறாக.

"நூலகம் பார்க்கலாமா?" என்று கேட்டார் அம்மா. விடுமுறை, பூட்டியிருந்தது. சாவி வரப் பதினைந்து நிமிஷம். உள்ளே போனதும் பெண் அலமாரிகளின் உயரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அப்பா மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டார். அம்மா நேராகச் சரித்திர அலமாரிக்குப் போய், புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் பக்கத்தைக் கூடப் பார்க்காமல் கடைசி அட்டையைத் திறந்தார். திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் சீட்டு அங்கேதான் ஒட்டியிருக்கும். முதல் புத்தகத்தில் கடைசி முத்திரை 2009. இரண்டாவதில் 2014. மூன்றாவதில் 2025 பிப்ரவரி. நான்காவதிலும் அதே. 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தின் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது. அம்மா இருபது புத்தகங்களாவது பார்த்திருப்பார். சிஸ்டர் என்ன செய்கிறார் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு புரிந்து, சிரித்துவிட்டார்.

"அது ப்ராஜெக்டுக்காக" என்றார் சிஸ்டர். ஐ.எஸ்.சி.யில் சரித்திரத்துக்கு இருபது மதிப்பெண் செயல்திட்டத்துக்கு. கடந்த ஆண்டு ஒரு மாணவி செய்ததை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் தன் தெருவில் இருந்த ஒரு மூதாட்டியிடம் போய், பஞ்சத்தின்போது வீட்டு வாசலில் கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தாள். நாற்பது பக்கம். பாட்டி சொன்னதும் புத்தகம் சொன்னதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கடைசியில் தனியாக மூன்று பக்கம். அம்மா அந்த மூன்று பக்கத்தை நின்றபடியே படித்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டி, "என்ன, பிரார்த்தனை உண்டா?" என்றாள். உண்டு என்றார்கள்.

மறுபடி ஒரு வாரம் இழுபறி. கட்டணம், இப்போது கட்டுவதைவிட ஒன்றும் குறைவில்லை. தினமும் மெட்ரோவில் தனியாகப் போய்வர வேண்டும். அப்பாவுக்கு மறுபடி மாற்றல் வந்தால் என்ன செய்வது? அந்தப் பள்ளியில் விடுதி இல்லை. கொல்கத்தாவிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கக் கேட்டு எழுத வேண்டும். எழுதினால் பதவி உயர்வு தள்ளிப்போகலாம். இதை அப்பா அட்டவணையில் எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்து, போடாமலே விட்டுவிட்டார். மகளிடம் சொல்லவும் இல்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

"கணக்கையும் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் அம்மா. அதுதான் சம்மதம்.

பெண் உளவியலை விட்டுக் கணிதத்தைச் சேர்த்துக்கொண்டாள். முழுச் சந்தோஷத்தோடு என்று சொல்ல முடியாது. தற்காலிகச் சேர்க்கைக்குப் பணம் கட்டியாயிற்று. ரசீதின் மேல் சிறிய சிலுவை அச்சாகியிருந்தது. பாட்டி அதை சுவாமி அலமாரியில் வைத்து ஒரு பூவைப் போட்டாள். சிலுவைக்கா ரசீதுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது பழைய பள்ளியில் டி.சி. வாங்குவது. அதுதான் உண்மையான முடிவு. அதை வாங்கிவிட்டால் அந்த இடம் போயிற்று. புதிய ஆசிரியை எப்படி இருந்தாலும் திரும்பி வர வழியில்லை. ஜூன் முதல் வாரத்தில் மூவரும் அலுவலக ஜன்னல் முன் நின்றார்கள். பாரத்தை அப்பா நிரப்பினார். பெயர், வகுப்பு, பிறந்த தேதி. 'விலகுவதற்கான காரணம்' என்ற இடத்தில் கை தானாக ஓடி, 'தந்தையின் பணி மாற்றம்' என்று எழுதிவிட்டது. நாக்பூரிலும் ராய்ப்பூரிலும் எழுதிப் பழகிய கை. பெண் பார்த்துச் சிரித்தாள். அவர் அதை அடித்துவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அம்மா பாரத்தை வாங்கி, ஜன்னல் விளிம்பில் வைத்து, தன் பழைய கல்லூரிக் கையெழுத்தில் 'சரித்திரம் படிக்க' என்று ஆங்கிலத்தில் எழுதி, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் தானே கையெழுத்தும் போட்டார்.

குமாஸ்தா படிக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, நூலக பாக்கி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.